கணினி ஒலிக்கு வரைந்து, ஆர்கெஸ்ட்ராவுக்குத் திருத்திய ஒரு குறும்படம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் சேர்ந்து இரண்டரை நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றை எடுத்தோம். ஒருவர் இயக்குநர், இருவர் வரைபவர்கள், நான்காவது ஆள் நான். என் பொறுப்பு டைமிங். எந்த ஃப்ரேமில் (படத்தின் ஒரு தனிச் சட்டகத்தில்) கால் தரையைத் தொட வேண்டும், எந்த ஃப்ரேமில் தலை திரும்ப வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்து அவர்கள் வரைவார்கள்.

படத்தில் வசனம் கிடையாது. இசை மட்டும்தான். இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1875-இல் எழுதிய 'மலையரசன் மண்டபத்தில்' என்ற துண்டை எடுத்துக்கொண்டோம். பெயர் தெரியாதவர்களுக்கும் மெட்டு தெரிந்திருக்கும். செல்லோவும் பாசூன் என்ற குழல் வாத்தியமும் அடிக்குரலில் பதுங்கிப் பதுங்கித் தொடங்கும். நான்கு பார் நீளமுள்ள ஒரே மெட்டு 18 தடவை வரும் (ஒரு பாருக்கு நான்கு பீட், அதாவது தாள அடி). ஒவ்வொரு தடவையும் வாத்தியங்கள் கூடும், சத்தம் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் வேகமும் கூடும். கடைசியில் இடி மாதிரி சில அடிகள், அவற்றுக்கு நடுவே திடீர் மௌனங்கள், அவ்வளவுதான்.

கதையை மெட்டிலிருந்தே எடுத்தோம். இரவில் பொம்மைக் கிடங்குக்குள் ஒரு திருடன் பூனைநடை போடுகிறான். மெட்டு ஒரு சுற்று முடியும்போது ஒரு பொம்மை எழுந்து அவன் பின்னால், அவன் அடி வைக்கிற மாதிரியே அடி வைத்து வருகிறது. அடுத்த சுற்றில் இன்னொன்று. 18-ஆவது சுற்றில் அவன் முதுகுக்குப் பின்னால் 17 பொம்மைகள். இறுதி அடிகளில் அவன் நிற்கிறான், திரும்புகிறான். மௌனங்களில் எல்லாரும் உறைகிறார்கள்.

உரிமை என்ற முதல் முட்டுக்கட்டை

கிரீக் 1907-இல் இறந்தார். அவர் எழுதிய இசை பொதுச் சொத்து, யாரும் பயன்படுத்தலாம். அதனால் இசைக்குச் செலவே இல்லை என்று நினைத்திருந்தோம். பாதிதான் சரி. இசைக்குறிப்புக்கு உரிமை காலாவதியாகியிருக்கலாம். அதை ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. நாங்கள் ஆசைப்பட்ட பதிவுக்குக் கேட்ட தொகை படத்தின் மொத்தச் செலவைவிட அதிகம். அந்தத் தொகைக்கும் விழாத் திரையிடலுக்கு மட்டும்தான் அனுமதி, இணையத்தில் போட வேறு தொகை.

இந்தப் பிரிவினையைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 1940-இல் வந்த 'ஃபேண்டேசியா' என்ற டிஸ்னி அனிமேஷன் படத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' இருக்கிறது. அதற்கு 1939-இல் பெற்ற அனுமதி, அரை நூற்றாண்டு கழித்து வந்த வீடியோ கேசட்டுக்கும் செல்லுமா என்று இசைப் பதிப்பகம் 1993-இல் டிஸ்னிமீது வழக்கே போட்டது. எங்கள் படத்துக்கு வழக்கு வராது, ஆனால் விழாக்காரர்கள் உரிமைத் தாளைக் கேட்பார்கள்.

தெரிந்த மாணவர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்துத் தர ஒப்புக்கொண்டது. ஆனால் ஒத்திகை முடிந்து பதிவு செய்ய இரண்டு மாதம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று இசைக்குறிப்பைக் கணினியில் ஏற்றி, மென்பொருள் வாத்தியங்களால் ஒரு தற்காலிக ஒலி செய்துகொண்டோம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது. அன்றைக்கு அதைத் தவறாக யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

கணினி ஒலிக்கு வரைந்த எட்டு வாரம்

ஃப்ரேம் கணக்கு எளிது. நொடிக்கு 24 ஃப்ரேம், நிமிடத்துக்கு 1440. அதை டெம்போவால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகத்தால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று வரும். டெம்போ 96 என்றால் 15 ஃப்ரேம், 120 என்றால் 12, 180 என்றால் 8. நடையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் அழகு. அடிக்கு 15 ஃப்ரேம் என்பது பதுங்கல், 12 சாதாரண நடை, 8 என்றால் ஓட்டம். திருடனின் கதையை டெம்போவே சொல்லிவிடுகிறது.

நான் கணினியில் 96-இல் தொடங்கி 180-இல் முடியும்படி வேகத்தை ஒரே சீராக ஏற்றினேன். மொத்தம் 158 நொடி வந்தது. ஒவ்வொரு பீட்டும் எந்த ஃப்ரேமில் விழும் என்று எக்ஸ்-ஷீட்டில் (ஃப்ரேம் ஃப்ரேமாக அசைவைக் குறிக்கும் தாளில்) சிவப்பு மையால் குறித்துக் கொடுத்தேன். பழைய ஸ்டுடியோக்களில் இசையையும் அசைவையும் ஒரே தாளில் பார் பாராக எழுதும் வழக்கம் இருந்தது. 1929-இல் வந்த டிஸ்னியின் எலும்புக்கூட்டு நடனப் படத்துக்கு அதன் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் கிரீக்கின் இன்னொரு துண்டைப் பயன்படுத்தியிருப்பார். அந்தத் தாள் முறையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர்களுக்கு வாசிப்பவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். எனக்கு இருந்தது ஒரு மென்பொருள்.

எட்டு வாரத்தில் முதல் ஆறு சுற்றுகளின் ரஃப், அதாவது முதல் கரட்டு வரைவு, முடிந்தது. 24 பார், 96 பீட், கணினிக் கணக்கில் சுமார் 54 நொடி. இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்ற வழக்கப்படி ஏறக்குறைய 650 வரைபடங்கள். போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் பீட்டில் ஆணி அடித்தாற்போல் விழுந்தது. நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

ஒலிப்பதிவு நாள்

இசை நடத்துநர் அறுபதைத் தாண்டியவர். அவரிடம் எங்கள் இயக்குநர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், வாசிக்கிறவங்க காதில் க்ளிக் போட்டுக்கலாமா? எங்க டெம்போவிலேயே வந்துவிடும்."

க்ளிக் என்பது காதுக்குள் பீட்டை டிக் டிக்கென்று தட்டும் ஒலி. அவர் கோபப்படவில்லை. "தம்பி, இந்தப் பாட்டில் வேகம் எப்போ ஏறுதுங்கிறதுதான் பாட்டே. அதை மெஷின்கிட்ட கொடுத்துட்டா நாங்க எதுக்கு?" என்றார்.

வற்புறுத்தியிருக்கலாம். க்ளிக் வைத்துப் பதிவு செய்வது படத்துறையில் அன்றாட வேலை, அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு முதல் டேக்கை க்ளிக் இல்லாமல் வாசித்துக் காட்டினார்கள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மூன்று டேக் எடுத்தோம், மூன்றாவதை வைத்துக்கொண்டோம்.

வாசித்த அத்தனை பேரிடமும் அனுமதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பதிவு முடிந்த பிறகுதான் நினைவு வந்தது. ஒருவர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்தோம்.

கண்டது

புதிய ஒலியின் நீளம் 154 நொடி. பழையது 158. நான்கே நொடி வித்தியாசம் என்று நிம்மதியாக இருந்தது. படத்தைக் கொஞ்சம் சுருக்கி முடித்துவிடலாம் என்றுதான் நால்வரும் நினைத்தோம்.

ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது சுற்றிலேயே திருடன் இசையை விட்டு விலக ஆரம்பித்தான். ஆறாவது சுற்று முடிவில் படம் ஒன்பது நொடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. நான் வேகத்தை முதல் பாரிலிருந்தே ஏற்றியிருந்தேன். நடத்துநரோ முதல் ஆறு சுற்றையும் 92-ஐ ஒட்டியே பிடித்து வைத்திருந்தார், நகர விடவில்லை. நான் 54 நொடியில் முடித்த இடத்தை அவர் 63 நொடியில் முடித்தார். அதற்கப்புறம் அவிழ்த்துவிட்ட மாதிரி பாய்ந்து, அந்த ஒன்பது நொடியையும் மேலே நான்கு நொடியையும் மீட்டுவிட்டார். கடைசிச் சுற்றுகளில் டெம்போ 200-ஐத் தாண்டியிருந்தது.

மொத்த நீளம் பொருந்துகிறது, உள்ளே ஒரு பாரும் பொருந்தவில்லை. நான்கு நொடி என்ற அந்த எண் எங்களை ஒரு நாள் முழுக்க ஏமாற்றியது.

இன்னொன்றும் தெரிந்தது, இது கொஞ்சம் வலித்தது. அவருடைய வேகம்தான் கதைக்குச் சரி. திருடன் பிடிபடப் போகிறான் என்ற பயம் அந்த நகராத 63 நொடியில்தான் சேர்கிறது. என் சீரான ஏற்றத்தில் பயமே இல்லை, படிக்கட்டு ஏறுகிற மாதிரி இருந்தது.

மூன்று வழி

முதல் வழி, ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி மென்பொருளில் இழுத்தும் சுருக்கியும் படத்துக்குப் பொருத்துவது. ஒரு மாலையில் செய்து பார்த்தேன். டெம்போ பொருந்தியது, ஆனால் செல்லோவின் கம்பியை விரல் மீட்டும் இடங்களில் மூச்சு அறுந்தது.

இரண்டாவது வழியை இயக்குநர் சொன்னார்: இன்னொரு நாள் அவர்களை அழைத்து, படத்தைத் திரையில் ஓட்டி அதைப் பார்த்து வாசிக்கச் சொல்லலாம். ஆதாரமும் வைத்திருந்தார். 'ஃபேண்டேசியா'வின் பழைய ஒலிப்பதிவு நைந்துபோனதால் 1982-இல் இர்வின் கோஸ்டல் தலைமையில் முழு இசையையும் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். படம் மாறாது, அதனால் முதலில் நடத்திய ஸ்டோகோவ்ஸ்கியின் பழைய ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றையும் புதியவர் பின்தொடர வேண்டியிருந்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் 1990-இல் படத்தை மீட்டெடுத்தபோது பழைய ஒலிக்கே திரும்பிப் போனார்கள் என்பதையும் நான் நினைவூட்டினேன். தவிர, அவர்கள் பின்தொடர்ந்தது ஒரு பெரிய நடத்துநரின் டெம்போவை. நாங்கள் பின்தொடரச் சொல்வது என் மென்பொருளின் டெம்போவை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

மூன்றாவது வழி, ஒலியைத் தொடாமல் படத்தை மாற்றுவது. ஏறக்குறைய 650 வரைபடங்களைத் திருத்த வேண்டும், ஸ்டோரிபோர்டின் (காட்சிகளை வரிசையாக வரைந்த திட்டத்தின்) பின்பாதியில் 13 நொடியைக் குறைக்க வேண்டும். இதைத்தான் எடுத்தோம்.

ஒன்பது நொடியை எங்கே வைத்தோம்

ஒன்பது நொடி என்றால் 216 ஃப்ரேம். இதை ஆறு சுற்றிலும் சமமாகத் தூவலாம் என்றார் ஒரு வரைபவர். ஒரு சுற்றில் செய்து பார்த்தோம். திருடன் தண்ணீருக்குள் நடப்பவன் போல ஆகிவிட்டான்.

ஆகவே நடையைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றின் கடைசி பாரிலும் ஒரு நிறுத்தம் வைத்தோம். மெட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்புகிறது. திருடனும் அங்கே நின்று காது கொடுக்கலாம். மூன்றாவது சுற்று நல்ல உதாரணம். அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான், பின்னால் இரண்டு பொம்மைகளும் ஒற்றைக்காலில். 22 ஃப்ரேம் அப்படியே. ஆனால் வரைபடம் முழுக்க அசையாமல் நின்றால் திரையில் செத்துப்போகும். அதனால் இரண்டாவது பொம்மையின் தோளிலிருந்து தொங்கும் அறுந்த நூல் ஒன்று மட்டும் ஆடுகிறது. நான்கே படங்கள், மாறி மாறி. அந்த நூல் ஸ்டோரிபோர்டில் இல்லை. நேரத்தை நிரப்ப வந்ததுதான், ஆனால் பார்த்தவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

பின்பாதியில் 13 நொடிக் குறைப்புக்குத் திருடன் ஒரு பெரிய பெட்டிக்குள் ஒளியும் காட்சி போயிற்று. அந்தப் பெட்டியின் மூடி, கீல், உட்புற இருட்டு என்று ஒரு வரைபவர் மூன்று வாரம் உழைத்திருந்தார். "என் பெட்டி போச்சா?" என்று மட்டும் கேட்டார். போனது.

ஒவ்வொரு சுரத்துக்கும் ஆட வேண்டுமா

திருத்தும்போதே இன்னொரு பழக்கத்தையும் விட்டோம். முதல் வடிவத்தில் காலடி, கண் சிமிட்டல், பொம்மையின் கழுத்து எல்லாமே ஏதாவதொரு சுரத்தில் விழும். இதற்கு அனிமேஷன்காரர்கள் 'மிக்கி மவுசிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாராட்டாகவும் சொல்வார்கள், கிண்டலாகவும் சொல்வார்கள். பியானோ வாசிக்கும் பூனையை வரைகிறீர்கள் என்றால் விரல் ஒவ்வொரு சுரத்திலும் விழத்தான் வேண்டும். பதுங்கும் திருடனுக்கு அந்த அவசியம் இல்லை.

படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஏழு பேருக்கு இரண்டு வடிவத்தையும் காட்டினோம். எல்லாம் சுரத்தில் விழும் வடிவத்தை ஐந்து பேர் 'நல்லா இருக்கு, ஆனா களைப்பா இருக்கு' என்ற பொருளில் ஏதோ ஒன்று சொன்னார்கள். ஒருவர், திருடனைவிடப் பொம்மைகள்தான் பயந்த மாதிரித் தெரிகிறது என்றார். அதற்கப்புறம் திருடனின் கால் மட்டும் பீட்டில். பொம்மைக் கூட்டம் பாருக்கு ஒருமுறை, மொத்தமாக ஓர் அலை மாதிரி. டெம்போ 200-ஐத் தாண்டும் இடத்தில் பீட்டுக்கு ஏழு ஃப்ரேம்தான் கிடைக்கும். 17 பொம்மைகளின் காலையும் அங்கே தனித்தனியாக வரைந்தாலும் கண் பிடிக்காது.

காலடி சரியாக பீட்டின் ஃப்ரேமில் விழக் கூடாது என்பதும் அப்போது உறுதியாயிற்று. இரண்டு ஃப்ரேம் முன்னால் விழுந்தால்தான் 'சரியாக' விழுந்த மாதிரி இருக்கிறது. ஒளி முந்தியும் ஒலி பிந்தியும் வருவது உலக இயல்பு, நம் மூளைக்கு அது பழக்கம். ஒலி முந்தினால் சுமார் 45 மில்லி நொடியிலேயே உறுத்த ஆரம்பிக்கும், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் உள்ள அளவு. ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லி நொடி, கணக்கு பொருந்திவருகிறது. அனுபவசாலிகள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். நான்தான் சிவப்பு மையை நம்பினேன்.

மௌனங்கள்

இறுதி அடிகளுக்கு நடுவே வரும் மௌனங்கள் கணினியில் ஒவ்வொன்றும் முக்கால் நொடி, 18 ஃப்ரேம், எல்லாம் ஒரே அளவு. நடத்துநர் ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் பிடித்திருந்தார். கடைசி மௌனம் ஒன்றரை நொடி. அந்த இடத்தில் வரைவதற்கு ஏதாவது வேண்டும் என்று முதலில் பதறினோம். கடைசியில் ஒன்றும் வரையவில்லை. திருடனும் 17 பொம்மைகளும் உறைந்து நிற்க, திருடனின் கண்மணி மட்டும் ஒரு முறை ஓரத்துக்குப் போய்த் திரும்புகிறது.

இரண்டாவது மௌனத்தில் ஒரு கிரீச் சத்தம் பதிவாகியிருந்தது. யாரோ நாற்காலியில் அசைந்திருக்கிறார். ஒலிப்பொறியாளர் நீக்கித் தருவதாகச் சொன்னார். வரைபவர்களில் ஒருவர் வேண்டாம் என்று தடுத்து, அந்த ஆறு ஃப்ரேமில் ஒரு மரப்பொம்மையின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். தச்சு வேலை செய்த பொம்மை, கிரீச்சென்றுதானே திரும்பும்! படத்தில் ஒரே ஒரு ஒலி விளைவு அதுதான், காசு கொடுக்காமல் வந்தது.

என்ன ஆயிற்று

திட்டமிட்டதைவிட 11 வாரம் தாமதமாகப் படம் முடிந்தது. இரண்டு விழாக்கள் நிராகரித்தன, ஒன்று எடுத்துக்கொண்டது. நிராகரித்த ஒரு விழாவின் கடிதத்தில், நடுவில் பொம்மைகள் சேரும் பகுதி ஒரே மாதிரி நீள்வதாக எழுதியிருந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஏழிலிருந்து பத்தாவது சுற்று வரை வேகம் ஏறினாலும் காட்சியில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும்.

நேரடி ஆர்கெஸ்ட்ராவோடு திரையிடலாம் என்று ஓர் அழைப்பு வந்தது, மறுத்துவிட்டோம். படம் இப்போது அந்த ஒரு டேக்கின் மூச்சுக்கு வெட்டிய சட்டை. நடத்துநரிடம் சொன்னபோது, அந்த டேக்கைத் தன்னாலேயே மறுபடி வாசிக்க முடியாது என்றார்.

அடுத்த முறை

உரிமைப் பேச்சை ஸ்டோரிபோர்டுக்கு முன்பே முடிப்போம். கையெழுத்துப் படிவத்தை ஒத்திகை நாளிலேயே நீட்டுவோம். தற்காலிக ஒலி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், காட்சிகளின் வரிசையைப் பார்க்க அது போதும். ஆனால் அதற்கு ஒரு காலடியைக்கூட வரையக் கூடாது. ஒத்திகையில் ஒரு கைபேசியை வைத்துப் பதிந்திருந்தாலே முதல் ஆறு சுற்று நகராமல் நிற்பது எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதத்தில் நான் ஒரு ஒத்திகைக்கும் போகவில்லை, போயிருக்க வேண்டும்.

க்ளிக் விஷயத்தில் நால்வருக்கும் இன்னும் ஒரே கருத்து இல்லை. நேரடித் திரையிடல் கைநழுவியதை இயக்குநர் மறக்கவில்லை, அடுத்த படத்துக்கு க்ளிக் வேண்டும் என்கிறார். எனக்கு வேண்டாம். வேகம் மாறாத ஓர் இசைத்துண்டை எடுத்தால் இந்தச் சண்டையே வராது என்று வரைபவர்கள் சொல்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

புதிய படத்தின் நோட்டுப் புத்தகம் திறந்தாயிற்று. ஒலிப்பதிவு முடியும்வரை ஸ்டோரிபோர்டைத் தாண்டுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருப்பவர் பெட்டி வரைந்தவர். கீழேயே அந்தப் பெட்டியையும் வரைந்து வைத்திருக்கிறார், மூடி லேசாகத் திறந்திருக்கிறது.